எட்டு ஓம்

ஒஸ்லோவில் இருந்து தம்பி அனுப்பிய அம்ப்
இரண்டு குளிர்ச்சட்டைகளுக்கு நடுவே,
வால்வுகள் மட்டும் காலுறைக்குள் சுற்றி,
உருத்திரபுரம் வந்து சேர்ந்தது.
ஐம்பது வாட்.
நெல்லு மெசினை நிப்பாட்டிவிட்டு வந்து பார்த்தார்கள்.

வால்வு அம்ப் ஒரு வில்லங்கம்.
மெல்ல வாசித்தால் வாயே திறக்காது.
குமிழ் ஏழைத் தாண்டினால்தான்
கம்பியில் அந்தக் கரகரப்பு, அந்தப் பாணிப் பிசுக்கு.
ஏழைத் தாண்டினால்
தகர வேலிக்கு அப்பால் தயாளினியின் லைற் எரியும்.

அவள் ஒன்றும் சொல்வதில்லை.
விடிய நாலரைக்குக் கண்ணிவெடி வான் வரும்,
முகமாலைப் பக்கம் போக.
பகல் முழுக்கக் காதில் கெட்செற்,
மண்ணில் இருந்து வரும் ஒரு கீச்சொலிக்காக
முழங்காலில் இருக்கிறவள்.
லைற் எரியும். அணையும். திரும்ப எரியும்.
அவ்வளவுதான்.

அதனால்தான் இந்த அற்றெனுவேற்றர்.
'குறைக்கிறதுக்குக் குமிழ் இருக்கு,
உனக்கு ஒரு லட்சம் ஏன்?' என்றான் றெஜினோல்ட்.
டிரம்ஸ் அடிக்கிறவனுக்கு என்னெண்டு விளங்கப்படுத்த?
அம்ப் தன்பாட்டில் கத்தட்டும்.
கத்தினது வெளியே வராது.
நடுவில் நிற்கிற பெட்டி வாங்கி
சூடாக்கித் தனக்குள் வைத்துக்கொள்ளும்.
'அப்ப அது எங்கட ஆள்தான்' என்றான்.

பெட்டியின் முதுகில் எட்டு ஓம் என்று இருந்தது.
அம்பின் முதுகில் நாலு, எட்டு, பதினாறு.
என் கபினெற்றில் ஒன்றும் எழுதியில்லை.
யாரோ சவுண்ட் செற்காரர் கழித்துவிட்ட
ஸ்பீக்கர் இரண்டு அதில்.
மீற்றரைப் பிடித்தேன். மூன்று சொச்சம் காட்டியது.
மூன்று சொச்சம் என்றால் நாலு.

மீற்றர் அளப்பது தடையை,
சும்மா கிடக்கும் சுருளின் கணக்கை.
தடங்கல் வேறு.
அது கம்பி அதிரும்போதுதான் வரும்,
சுரத்துக்குச் சுரம் மாறும்.
எட்டு என்பது
ஒரு பேச்சுக்கு எட்டு.

பேச்சுக்கு என்றாலும் மூன்று பேரும் ஒத்துக்கொள்ள வேணும்,
அம்பும் பெட்டியும் கபினெற்றும்.
பிழைத்தால் வால்வு சிவக்கும்.
பாரமே இல்லாமல் விட்டால் இன்னும் மோசம்,
போக இடமில்லாதது
ட்ரான்ஸ்போமருக்குள்ளேயே பொறி தட்டும்.
அது போனால் கொழும்பிலும் தேடேலாது.

இரண்டையும் பக்கத்தில் பக்கமாய்க் கட்டினால் நாலு.
ஒன்றின் வாலை மற்றது பிடித்தால் பதினாறு.
எப்படிக் கட்டியும் எட்டு வரவில்லை.
கடைசியில் ஒன்றைக் கழற்றி
அரிசி மூட்டைக்கு மேல் வைத்தேன்.
கபினெற்றில் ஒரு வட்ட இருட்டு.
பலகை அடித்து மூடினேன்.
அன்றிரவு குமிழ் எட்டில் நின்றது,
வேலிக்கு அப்பால் லைற் எரியவில்லை.

கார்த்திகை மழையில் நிலம் ஊறி
அவளுக்கு நாலு நாள் வேலை இல்லை.
குடையோடு வந்தாள்.
சூடு ஆறாத பெட்டியில் கை வைத்துப் பார்த்தாள்.
'இதுக்குள்ளயா இவ்வளவு நாளும் போனது?'
'ஓம்.'
'அந்தப் பலகைக்குப் பின்னால என்ன?'
சொன்னேன்.
'ஒருக்கா முழுசா வாசியுங்கோவன்.'

அம்பை நிப்பாட்டினேன்.
வால்வுகள் ஆறும்வரை இருவரும் பேசாமல் இருந்தோம்.
மழை கூரையில் கணக்கில்லாமல் விழுந்தது.
பெட்டியைக் கழற்றினேன்.
பலகையைப் பிடுங்கி மற்றதையும் பூட்டினேன்,
வாலோடு வால்.
அம்பின் முதுகில் பதினாறுக்குத் திருப்பினேன்.

'சத்தம் பெரிசா இருக்கும்.'
'ஓம்.'
'ஏழுக்கு மேல போவன்.'
'ஓம்.'

முதல் அடிக்கு
யன்னல் கண்ணாடி பதில் சொன்னது,
தூக்கில் கிடந்த கரண்டி பதில் சொன்னது.
அவள் காதைப் பொத்தவில்லை.
பழக்கத்தில் முழங்காலில் இருந்தாள்,
வலது உள்ளங்கையை விரித்துச்
சீமெந்து நிலத்தில் வைத்தபடி.